நாம் குடியிருக்கும் எரிமலைத் தீவு

எரிமலைத் தீவு எது என்று நம் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். ஹவாய் என்பார்கள், ஐஸ்லாந்து என்பார்கள், கொஞ்சம் கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தால் மொரீஷியஸ் என்று சொல்லும். மாட்டுங்கா என்றோ செம்பூர் என்றோ தாராவி என்றோ ஒரு பிள்ளையும் சொல்லாது. பெரியவர்களாகிய நமக்கே தெரியாதபோது அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. தலைமுறை தலைமுறையாக இந்த ஊரில் பிழைக்கிறோம். காலுக்குக் கீழே இருப்பது என்ன என்று கேட்டதில்லை.

என்னைக் கேட்க வைத்தது படிப்பல்ல, பிழைப்புத்தான். டிப்ளமோ முடித்துவிட்டு 1980களின் தொடக்கத்தில் ரயில்வேயில் பி.டபிள்யூ.ஐ. வேலையில் சேர்ந்தவன் நான். தண்டவாளம், ஸ்லீப்பர், ஜல்லி இந்த மூன்றும்தான் என் குடும்பத்துக்குச் சோறு போட்டன. ஊரில், நெல்லைச் சீமையில், நாம் கருங்கல் என்று சொல்வது பூமிக்குள் ஆழத்தில் வெந்து இறுகிய பாறை. அதன் வயது ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேல். இங்கே ஜல்லியாக வந்து இறங்கும் கறுப்புக் கல் வேறு ஜாதி. உடைத்தால் மணி மணியாகத் தெரியாது, ஒரே கறுப்பாக, இறுக்கமாக இருக்கும். சில கற்களில் வெள்ளைப் பொட்டுகள் இருக்கும். அவை எரிமலைக் குழம்பு ஆறும்போது உள்ளே சிக்கிய காற்றுக் குமிழிகள், பின்னால் வேறு தாதுக்கள் வந்து அடைத்துக்கொண்டவை. பசால்ட் என்று இதற்குப் பெயர்.

ஏறக்குறைய ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்னால், டைனோசர்கள் அழிந்த காலத்தை ஒட்டி, பூமி வெடித்துக் குழம்பு அடுக்கடுக்காக வழிந்து பரவியது. இன்றைக்கு மிச்சமிருப்பதே சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர். மகாராஷ்டிரத்தின் பெரும்பகுதி அதன் மேல்தான் இருக்கிறது. தக்காணப் பொறை என்று புத்தகங்களில் எழுதியிருக்கும். லோனாவாலா போகும்போது மலையில் படி வெட்டியது போல் தெரிகிறதே, ஒவ்வொரு படியும் ஒரு குழம்பு அடுக்கு. பம்பாய்ப் பகுதியில் வழிந்த குழம்பில் கொஞ்சம் தண்ணீருக்குள்ளேயே இறங்கி உறைந்திருக்கிறது. இரண்டு குழம்பு அடுக்குகளுக்கு நடுவில் ஏரி இருந்து, அதில் வாழ்ந்த சின்னத் தவளைகளின் படிமங்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே வொர்லியில் கிடைத்தன.

கண்ணால் பார்க்க வேண்டுமானால் அந்தேரிக்குப் போங்கள். ஸ்டேஷனுக்கு மேற்கே கில்பர்ட் ஹில். 200 அடி உயரத்துக்குத் தூண் தூணாக நிற்கும் பசால்ட் பாறை, உச்சியில் காவ்தேவி கோயில். இது போன்ற தூண்பாறைக்காக அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்துக்கு டிக்கெட் எடுத்துப் போகிறார்கள். நம் ஆட்கள் அதன் அடியில் ஆட்டோ பிடிக்க நிற்கிறார்கள். மலாட் கல், குர்லா கல் என்று சொல்லி பழைய பிரிட்டிஷ் கட்டடங்களுக்கு எடுத்ததெல்லாம் இதே நெருப்பின் பிள்ளைகள். காலாகோடாவில் இருக்கும் பழைய பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மியூசியத்தின் சுவரில் இரண்டு கற்களையும் பார்க்கலாம்; சாம்பல் நிறம் குர்லா, மஞ்சளோடியது மலாட்.

இனிச் சொல்வதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. இந்தக் குழம்பைக் கக்கிய அடுப்பு அணைந்துவிடவில்லை என்பது நிலநூலார் பெரும்பாலோரின் கருத்து. அடுப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் மேலிருந்த இந்தியாதான் வடக்கே நகர்ந்து வந்துவிட்டது. நகர்ந்த வழியெல்லாம் அடுப்பு கடலுக்கடியில் கரி பூசிக்கொண்டே வந்திருக்கிறது: லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ், பிறகு மொரீஷியஸ். இன்றைக்கு அது ரீயூனியன் தீவுக்குக் கீழே எரிகிறது. அங்கே பிட்டோன் தெ லா ஃபூர்னேஸ் என்ற எரிமலை சில மாதங்களுக்கு ஒருமுறை இப்போதும் வெடிக்கிறது. தாராவிக்கும் போர்ட் லூயிக்கும் நடுவே நாலாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கடல். ஆனால் கல் ஒரே வீட்டுக் கல்.

அந்தக் கல்லைத் தூக்கியவர்களும் நம்மவர்கள்தான். 1834 முதல் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக மொரீஷியஸ் போன இந்தியர்களில் தமிழர்கள் ஏராளம். அதற்கு முன்பே புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொல்லர், தச்சர், கொத்தர் என்று போனவர்கள் உண்டு. கரும்பு நடுவதற்காக வயலில் கிடந்த எரிமலைக் கல்லைப் பொறுக்கிப் பொறுக்கி அவர்கள் குவித்த கற்குவியல்கள் இன்றைக்கும் கரும்புத் தோட்டத்தின் நடுவே கோபுரம் போல நிற்கின்றன. தைப்பூசக் காவடிக்கு அங்கே அரசு விடுமுறை, ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து. ஆனால் நான் இங்கே மொரீஷியஸைக் கொண்டுவந்தது அதற்காக அல்ல, மழைக்காக.

மொரீஷியஸில் நடுமேடான க்யூர்பிப் பக்கம் ஆண்டுக்கு நாலாயிரம் மி.மீ. வரை மழை. அங்கிருந்து இறங்கி மேற்குக் கரைக்கு வந்தால் ஆயிரம் மி.மீ. கூடத் தேறாது. கடல் காற்று மலையில் முட்டும் பக்கம் கொட்டும், மறுபக்கம் காயும். நம் கதையும் இதுவே. அரபிக் கடல் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறுகிறது. பம்பாய்க்கு ஆண்டுக்கு 2,200 மி.மீ.க்குக் குறையாமல், பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பருக்குள் நாலே மாதத்தில். மலைக்கு அந்தப் பக்கம் நிழலில் கிடக்கும் திருநெல்வேலிக்கு வருஷம் முழுதும் சேர்த்தாலும் அதில் பாதி கிடையாது. ஐப்பசி கார்த்திகையில் மழை பார்த்துப் பழகிய சனம் இங்கே ஆனி ஆடியில் நனைகிறது.

ரீயூனியனில் 1966 ஜனவரியில் ஒரு புயலின்போது ஃபோக்-ஃபோக் என்னும் இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மி.மீ. மழை பெய்தது. உலகச் சாதனை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் பெய்தது 944 மி.மீ.; அதில் ஏறக்குறையப் பாதிதான். அங்கே மலை செங்குத்து, பெய்த தண்ணீர் நேரே கடலுக்கு ஓடிவிடும். இங்கே மும்பையில் மட்டும் நானூறு பேருக்கு மேல் செத்தார்கள். அதே நாளில் கொலாபாவில் பெய்தது 75 மி.மீ. கூட இல்லை. வித்தியாசம் வானத்தில் பாதி என்றால் தரையில் பாதி.

தரையைப் பற்றிச் சொல்கிறேன். ஏழு தீவு என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வோம்: பம்பாய், கொலாபா, சின்னக் கொலாபா, மஜ்காவ், வொர்லி, பரேல், மாஹிம். தீவுகள் என்று தெரிந்த இடமெல்லாம் கடினமான எரிமலைப் பாறை முகடுகள். மலபார் ஹில், வொர்லி மேற்கே. சிவ்ரி, ஆன்டாப் ஹில், சயான் கோட்டை கிழக்கே. இரண்டுக்கும் நடுவே இருந்தது கடல் வந்து போகும் பள்ளம். 18ஆம் நூற்றாண்டில் ஹார்ன்பி கவர்னராக இருந்தபோது மகாலட்சுமிக்குப் பக்கத்தில் கடல் வாயை அடைத்தார்கள். பிறகு சயான் காஸ்வே, கொலாபா காஸ்வே, 1845-இல் மாஹிம் காஸ்வே. 1896-இல் பிளேக் வந்த பிறகு இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் போட்டு, தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பக்கம் மனை பிரித்தார்கள். ஆனால் பள்ளம் பள்ளம்தான். மண் கொட்டினால் கடல் பின்வாங்கும், தாழ்வு மறைந்துவிடாது. ஹிந்த்மாதாவிலும் கிங்ஸ் சர்க்கிளிலும் ஒரு மணி நேரம் ஓங்கிப் பெய்தால் முழங்கால் தண்ணீர் நிற்பதற்குக் காரணம் குப்பை மட்டுமல்ல, கிண்ணத்தின் அடியில் குடியிருக்கிறோம்.

தாராவி இதைவிட மோசம். மாஹிம் கழியின் ஓரத்துச் சதுப்பு அது. கோலி மீனவர்களின் கிராமம் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் அலையாத்திச் செடியும் சேறும். தோல் பதனிட வந்த நம் நெல்லை மாவட்டத்து மக்களும், பானை வனைய வந்த குஜராத்திக் குயவர்களும், யாருக்கும் வேண்டாத சேற்றில் தேங்காய் நாரும் குப்பையும் மண்ணும் கொட்டிக் கெட்டிப்படுத்தி ஊராக்கினார்கள். அரசாங்கம் எடுத்துக் கொடுத்த நிலமல்ல அது. அவர்கள் உண்டாக்கிய நிலம்.

அந்தச் சேற்றுக்கு இன்ஜினீயர்கள் கடற்களிமண் என்று பெயர் வைத்திருக்கிறோம். சயான், குர்லா பக்கத்தில் தண்டவாளம் போட்டவனுக்கு அதன் குணம் தெரியும். 1853 ஏப்ரல் 16-இல் போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு நாட்டின் முதல் பயணிகள் வண்டி போனதே, அது இந்தச் சதுப்பைத் தாண்டித்தான் போனது. மேலே எத்தனை ஜல்லி கொட்டினாலும் களிமண் உள்ளே வாங்கிக்கொள்ளும். வண்டி போகும்போது ஸ்லீப்பர் அமுங்கி எழும், அடியிலிருந்து சேறு பீறிட்டுக்கொண்டு மேலே வரும். சேறு கக்குகிறது என்று கேங்மேன்கள் சொல்வார்கள். அதைத் தோண்டி எடுத்து, சல்லடை போட்டு, புது ஜல்லி நிரப்புவோம். இரண்டு மழைக்காலம் தாங்கினால் அதிர்ஷ்டம்.

தண்ணீர் நிற்கிற இடத்தில் தண்டவாளத்தை உயர்த்தலாம். உயர்த்தியும் இருக்கிறோம். ஆனால் ஒரு கணக்கைக் கேளுங்கள். தண்டவாளத்தை அரை அடி தூக்கினால் பிளாட்பாரம் அரை அடி பள்ளமாகிவிடும், மேலே போகும் பாலத்துக்கும் கரண்டு கம்பிக்கும் இடைவெளி குறையும். அதையெல்லாம் சமாளித்தாலும், தண்டவாளத்தில் நின்ற தண்ணீர் மாயமாகிவிடாது. அது பக்கத்துச் சாலைக்கோ குடிசைக்கோ போகும். முப்பத்தைந்து வருஷச் சர்வீஸில் நான் கற்ற ஒரே பாடம் இது என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்: உயர்த்தியவன் தப்பித்துக்கொள்வான், தண்ணீர் பக்கத்து வீட்டைத் தட்டும்.

தண்ணீர் போக வழியில்லையா என்றால், வழி இருக்கிறது, வாய் மூடிக்கொள்கிறது. இந்த நகரத்தின் மழைநீர்க் கால்வாய்கள் கடலில் விழும் வாய்கள் 186 என்று 1993-இல் தயாரான பிரிம்ஸ்டோவாட் திட்டத்தில் கணக்கெடுத்தார்கள். அவற்றில் 45 சராசரிக் கடல் மட்டத்துக்கும் கீழே. 135 அதற்கு மேலே, ஆனால் ஓதம் ஏறும் மட்டத்துக்குக் கீழே. எந்த ஓதத்திலும் மூழ்காமல் இருப்பவை 6. ஓதத்தை மராத்தியர் பர்த்தி என்பார்கள். பர்த்தி நேரத்தில் மழை கொட்டினால் கடல் உள்ளே தள்ளும், மழை வெளியே தள்ளும், நடுவில் நாம். அதற்காகத்தான் ஹாஜி அலி, இர்லா, லவ் குரோவ் முதலிய இடங்களில் நீரேற்று நிலையங்கள் கட்டினார்கள். நம் செம்பூர், குர்லா, சயான், மாட்டுங்கா மக்களுக்கு உதவ வேண்டிய மாஹுல் நிலையம் மட்டும் நிலம் கிடைக்காமல் பல ஆண்டுகள் காகிதத்திலேயே கிடந்தது. இதைப் பற்றி நம் சங்கக் கூட்டம் எதிலும் ஒருவரும் ஒரு கேள்வி கேட்டு நான் கேள்விப்படவில்லை. பொங்கல் விழாவுக்கு எந்தப் பாடகரைக் கூப்பிடுவது என்பதற்கு மூன்று கூட்டம் நடக்கிறது.

இப்போது ஏன் இதையெல்லாம் எழுதுகிறேன் என்றால், தாராவி கலைகிறது. மறுசீரமைப்புத் திட்டத்தின்படி 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத் தாராவியிலேயே இலவச வீடு. அதற்குப் பின் 2011 தொடக்கம் வரை வந்தவர்களுக்கும், மாடியில் குடியிருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியே, பணம் கட்டியோ தவணையிலோ. அந்த வெளியே எங்கே? 2024-இல் காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் பகுதிகளில் சுமார் 256 ஏக்கர் உப்பள நிலத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. தேவனார் குப்பைக் கிடங்கிலும் 124 ஏக்கர்.

வீடு வேண்டாம் என்று சொல்ல நான் யார்? பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுத்து, கக்கூஸுக்கு வரிசையில் நின்ற குடும்பங்களுக்குத் தனி வீடு கிடைப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். நிலத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். உப்பளம் என்பது கடல் மட்டத்தை ஒட்டிய தட்டு. பெரிய மழையில் அது தண்ணீரை வாங்கி வைத்துக்கொண்டு, ஓதம் இறங்கியதும் மெல்ல விடும். 256 ஏக்கர் என்பது ஏறக்குறைய 10.36 லட்சம் சதுர மீட்டர். அதில் ஓர் அடி தண்ணீர் நின்றால் 31 கோடி லிட்டர். பத்தாயிரம் லிட்டர் டாங்கர் லாரிகள் 31 ஆயிரம் நிறுத்த வேண்டும்! மண் கொட்டி மேடாக்கினால் இந்தத் தண்ணீர் எங்கே போகும்?

அந்த நிலங்கள் விரைவுச்சாலைக்கு மேற்கே இருக்கின்றன, கடல் நீர் இப்போது அங்கே ஏறுவதில்லை, ஆகவே கட்டலாம் என்று திட்டத்தார் சொல்கிறார்கள். கடல் நீர் ஏறவில்லை, சரி. மழை நீர் பவாய் மலைச் சரிவிலிருந்து இறங்கி வருகிறதே, அதற்கு விரைவுச்சாலை தெரியாது. 2024 ஜூலை 8 அதிகாலையில் ஆறு மணி நேரத்தில் சில இடங்களில் 300 மி.மீ.க்கு மேல் பெய்தபோது பாண்டுப்புக்கும் நாஹூருக்கும் நடுவே தண்டவாளம் முங்கி வண்டி நின்றது. உப்பளம் மேடாகாமல் இருந்தபோதே இப்படி.

தாராவியில் எனக்குத் தெரிந்த ஓர் ஊர்க்காரர், என்னைவிட இளையவர், சிரித்தார். "அண்ணாச்சி, பத்தாவது மாடில வீடு தாரான். அங்க எப்படித் தண்ணி வரும்?" வராது தம்பி. ஆனால் லிப்டு மோட்டாரும் கரண்டு பெட்டியும் தண்ணீர் பம்பும் தரையில்தான் இருக்கும். ஸ்டேஷனுக்குப் போகும் ரோடு தரையில்தான் இருக்கும். சர்க்கரை வியாதிக்கார அம்மாவைப் பத்து மாடி இறக்கி, முழங்கால் தண்ணீரில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டியது நீதான். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "யாருகிட்ட அண்ணாச்சி கேக்கது?" என்றார். நியாயமான கேள்வி.

கேட்க வேண்டியது என்ன என்பதையாவது நான் சொல்ல முடியும். கட்டடம் வரும் மனையின் தரை மட்டம், உச்ச ஓத மட்டத்துக்கு எத்தனை மீட்டர் மேலே? எத்தனை மீட்டர் மண் கொட்டப் போகிறார்கள்? பைல் அடித்தால் கட்டடம் பாறையில் நிற்கும், நல்லது. ஆனால் சுற்றியிருக்கும் ரோடும் சாக்கடைக் குழாயும் களிமண்ணில் மிதக்கும், அது அமுங்கினால் யார் பொறுப்பு? இந்த மனையில் பெய்யும் மழை எந்த நாலா வழியாக எந்தக் கழியில் விழும், ஓத நேரத்தில் எங்கே தங்கும்? தேவனாரில் குப்பை மேட்டின் அடியில் எத்தனை ஆழத்துக்குச் சுத்தம் செய்வார்கள்? எழுத்தில் கேட்க வேண்டும், எழுத்தில் பதில் வாங்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டம் 2005 முதல் இருக்கிறது. பத்து ரூபாய் செலவு. மனு எழுத நம் சங்கத்தில் ஓய்வு பெற்ற ஸ்டெனோக்களுக்கா பஞ்சம்?

மேட்டில் இருப்பவர்களும் நிம்மதியாக இருக்க வேண்டாம். எரிமலைப் பாறை மேலே மழையில் ஊறி ஊறி மொரமாக, பிறகு மண்ணாக மாறிவிடும். சரிவில் வீடு கட்டினால் மேல் தோல் வழுக்கி இறங்கும். 2000 ஜூலை 12-இல் காட்கோபர் ஆசாத் நகரில் எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் புதைந்தார்கள். 2021 ஜூலை 18-இல் நம் செம்பூரில், டிராம்பே மலையடி பாரத் நகரில், சுவர் சரிந்து பதினைந்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மழைக்கு முன் மலைச் சுவரில் விரிசல் இருக்கிறதா, தண்ணீர் வடியும் ஓட்டைகள் அடைந்திருக்கின்றனவா என்று பார்க்க இன்ஜினீயர் வேண்டியதில்லை. கண் இருந்தால் போதும்.

மொரீஷியஸ் இந்த விஷயத்தில் நம்மைவிட ஒரு படி மேல். 1960-இல் கரோல் புயல் அடித்து மரவீடுகளெல்லாம் பறந்த பிறகு அந்த நாடே கான்கிரீட்டுக்கு மாறியது. புயல் எச்சரிக்கை ஒன்று முதல் நான்கு வரை வகுப்பு வைத்திருக்கிறார்கள். எந்த வகுப்புக்கு எதைச் செய்வது என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அவர்களும் வெள்ளத்தில் ஏமாந்தார்கள். 2013 மார்ச் 30-இல் போர்ட் லூயியில் இரண்டு மணி நேரத்துக்குள் 152 மி.மீ. பெய்து 11 பேர் இறந்தார்கள், சுரங்கப்பாதையிலும் நிலத்தடிக் கார் நிறுத்தத்திலும் அகப்பட்டுக்கொண்டு. காற்றுக்குத் தயாராக இருந்த ஊரைத் தண்ணீர் பிடித்தது. 152 மி.மீ. நமக்கு ஒரு சாதாரண ஜூலை நாள்.

நமக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை டி.வி.யில் வருகிறது. 2025-இல் மே 26-ஆம் தேதியே பருவமழை இறங்கிவிட்டது. வழக்கமான நாள் ஜூன் 11. ஆகவே ஜூனில் பார்த்துக்கொள்ளலாம் என்பது இனிச் செல்லாது. சிவப்பு எச்சரிக்கை மட்டும் போதாது, ஓத நேரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதற்குப் பஞ்சாங்கம் வைத்திருக்கும் நம் வீடுகளில் ஒரு சௌகரியம் உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மும்பையில் ஓதம் ஏறக்குறைய நண்பகலுக்கும் நள்ளிரவுக்கும் உச்சம் தொடும். பிறகு ஒவ்வொரு நாளும் முக்கால் மணி, ஒரு மணி பிந்தும். அன்றைக்குக் காலையிலிருந்து வானம் கறுத்துக் கிடந்தால் பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்புவதா, கிங்ஸ் சர்க்கிள் வழியாக வருவதா என்பதை வீட்டிலேயே தீர்மானித்துவிடலாம். 4.5 மீட்டருக்கு மேல் ஓதம் ஏறும் நாட்களின் பட்டியலை மழைக்கு முன் மாநகராட்சியே ஒவ்வோர் ஆண்டும் வெளியிடுகிறது.

இந்த ஆண்டுப் பட்டியல் வந்ததும் அதைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சடித்துத் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் கோயில்களிலும் நம் சங்க அலுவலகப் பலகையிலும் ஒட்ட வேண்டும் என்று செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அச்சுக்கூலி நான் தருகிறேன். ஒட்டுவதற்குப் பையன்கள் நாலு பேர் வேண்டும். கூடவே மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளைக் கில்பர்ட் ஹில்லுக்கு அழைத்துப் போகிறேன். அந்தேரி ஸ்டேஷன் மேற்கு வாசல், ஏழு மணி. தண்ணீர் பாட்டிலும், வழுக்காத செருப்பும் கொண்டு வரட்டும்.